லொறிச் சில்லுக்கு ஒரு வளையம்

வெள்ளவத்தை,
11-08-1946

அன்புத் தங்கச்சி கௌரிக்கு,

நானும் அன்னபாக்கியமும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். மழை வரப்போவதை வானத்துக்கு முந்தி அவளுடைய முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலி வீதியில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். சந்தையிலிருந்து குடையும் கத்தரிக்காயுமாக வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹோர்ன் சத்தம். திரும்பினால் உன் வீட்டுக்காரரின் லொறி. தலையை வெளியே நீட்டி, "பயப்படாதீங்க மாஸ்டர், உங்க வாசலுக்கு வரல்ல. ரோட்டிலதான் நிக்கிறேன்" என்றார். பிறகு கேட்டார்: "சில்லுக்கும் அது மாட்டுற குடத்துக்கும் நடுவில ஒரு இரும்பு வளையத்த வச்சு முடுக்கினா என்ன நடக்கும்? நல்லதா கெட்டதா?"

நான் யோசிக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருக்குப் பின்னால் நின்ற பஸ்காரன் அவருடைய பரம்பரையைச் சிங்களத்தில் விசாரிக்கத் தொடங்கிவிட்டான். "கௌரிக்கு எழுதுகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். காலமெல்லாம் படிப்பித்தவனுக்கு ஒரு கேள்வியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக மனம் வராது. ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று ஆகிவிட்ட நமக்குத் தபால்காரன் இருக்கிறானே.

விஷயம் இதுதான். வளையம் சில்லை அச்சிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்தால் என்ன ஆகும்? ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள். கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டால் கிணற்றடியிலிருந்து குசினிவரை கதைத்துக்கொண்டே வருவாய். அதே கையைத் தோளுயரத்துக்கு நீட்டிப் பிடித்தால் ஒரு தேவாரம் பாடி முடிக்குமுன் கை நடுங்கும். வாளியும் அதே வாளி, தண்ணீரும் அதே தண்ணீர். கூடினது தூரம் ஒன்றுதான். லொறியின் அச்சும் அந்தக் கையைப் போலத்தான்.

இதை உன் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டு. வாளியை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொல்.

அன்புடன் உன் அண்ணா,
கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை,
19-08-1946

மதிப்புக்குரிய அண்ணாவுக்குக் கௌரியின் வணக்கம்.

இங்கே இருவரும் சுகம். மச்சாளின் முழங்காலுக்கு நல்லெண்ணெயில் உள்ளியைப் போட்டுக் காய்ச்சிப் பூசச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அதுதான் கேட்டது.

உங்கள் கடிதத்தை முற்றத்தில் வைத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். எல்லோரும் என்றால் றேமண்டும், கராஜ் வைத்திருக்கும் நிலாமும். நிலாம்தான் இந்த வளையத்தை வார்ப்பித்துக் கொண்டுவந்தவர். உடனே றேமண்ட் வாளியை நிரப்பி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவாரம் தெரியாதபடியால் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் சொன்னார். நிலாம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஏலாட்டிச் செல்லுங்க அண்ணன், தண்ணிய ஊத்திப்போட்டு வெறும் வாளியப் பிடிக்கலாம்" என்றார். றேமண்ட் இரண்டு மந்திரம் முடித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னது இது: "பாத்தியா, பிடிக்க ஏலும். கன நேரம் பிடிக்கத்தான் ஏலாது. கண்டிக்குப் போய்வர ஒரு நாள்தானே."

இப்படி ஒரு விளக்கத்தை நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்லதா கெட்டதா என்று நீங்கள் எழுதாததும் தெரிகிறது.

விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன். எங்கள் லொறியின் முன் டயர்கள் இரண்டும் துணி தெரியத் தேய்ந்துவிட்டன. புது டயருக்குப் பெர்மிட் கேட்டுக் கந்தோரில் நின்று நின்று அலுத்துப்போனார். சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்தில் போகின்றன அல்லவா, அதில் இரண்டு சில்லு எடுத்தார். டயர் புதிது போலவே இருக்கிறது. ஆனால் அகலம் கூட. சில்லைத் திருப்பும்போது டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. வளையம் வைத்து வெளியே தள்ளினால் உரசாது. அதற்காகத்தான் இத்தனை கதையும்.

துறைமுகத்திலிருந்து மா மூடைகளைக் கண்டிக்கு ஏற்றும் வேலை இருக்கிறது. எங்களுக்கு அந்த லொறி ஓடினால்தான் அடுப்பு எரியும். ஓட்டுகிறவர் என் மனுசன். அதனால் ஒன்றுதான் கேட்கிறேன். வளையம் போடலாமா, கூடாதா?

வணக்கத்துடன்,
கௌரி


வெள்ளவத்தை,
02-09-1946

அன்புத் தங்கச்சிக்கு,

உள்ளி எண்ணெய் பூசியதில் வலி குறைந்தது, மணம்தான் கூடிவிட்டது. கடற்கரையில் நடக்கப் போனால் தெரிந்தவர்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வந்து நிற்கிறார்கள். உங்கள் பக்கம் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

அருள்நிறை மந்திரத்தைப் படித்து நெடுநேரம் சிரித்தேன். உன் வீட்டுக்காரர் என் வகுப்பில் படித்திருந்தால் கடைசி வரிசை வாங்கில் இருந்திருப்பார். ஆனால் நான் மறக்காத பெயராக இருந்திருக்கும்.

போடலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறாய். கேள்வியை அப்படிக் கேட்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வளையம் என்பது தனக்குத்தானே நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. சரியாகக் கடைந்து, முகம் இரண்டும் மட்டமாக, குடத்தில் இறுக்கமாக உட்காரும்படி செய்த வளையத்தோடு ஓடும் வண்டிகள் உண்டு. கவனிக்க வேண்டியது வளையத்தைவிட நட்டைத்தான்.

குடத்திலிருந்து போல்ட்டுகள் வெளியே நீண்டிருக்கும். அவற்றில் சில்லை மாட்டி நட்டுப் போட்டு முடுக்குகிறோம். இப்போது நடுவில் ஒரு அங்குல வளையம் வந்துவிட்டது. போல்ட்டு வளரவில்லை. அப்படியானால் நட்டுக்குப் பிடிக்கக் கிடைக்கும் புரி ஒரு அங்குலம் குறைகிறது. சட்டைப் பொத்தானை நினைத்துப் பார். காஜாவில் முழுதாக நுழைந்த பொத்தான் நாள் முழுக்க இருக்கும். பாதி நுழைந்த பொத்தானும் கண்ணாடியில் பார்க்கும்போது பூட்டின மாதிரித்தான் தெரியும். தெருவில் இறங்கிக் கையை வீசி நடக்கும்போது எந்த இடத்தில் கழன்றது என்று உனக்கே தெரியாது.

ஆகவே முதலில் ஒரு பரிசோதனை. வளையத்தையும் சில்லையும் மாட்டி நட்டைக் கையால் திருக்குங்கள். நட்டின் வாய்க்கு வெளியே போல்ட்டின் முனை எட்டிப் பார்க்கிறதா, அல்லது நட்டுக்குள்ளேயே ஒளிந்து நிற்கிறதா? விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணா


கொட்டாஞ்சேனை,
09-09-1946

அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே சுகம். மச்சாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நானே விரலை வைத்துப் பார்த்தேன். நட்டுக்குள் என் சுண்டுவிரல் நுனி போகிறது. போல்ட்டு பாதியில் நிற்கிறது. நிலாமிடம் சொன்னேன். "பிடிச்சீக்குதுதானே தங்கச்சி, பிடிச்சது எங்க போகப்போகுது" என்றார். நீளமான போல்ட்டுப் போட முடியாதா என்று கேட்டேன். இந்தக் குடத்துக்கு அந்த நீளத்தில் கிடைக்காதாம். பட்டாளத்து லொறியின் முன் அச்சை முழுதாக வாங்கி மாற்றினால் வளையமே தேவையில்லையாம். ஏலக்காரர் அச்சைத் தனியாகக் கொடுக்கிறாராம். எங்களிடம்தான் அதற்கு வழியில்லை.

அண்ணா, இதைச் சொல்லாமல் எழுதத்தான் இருந்தேன். நீங்கள் இருக்கும் வீடு அம்மா எனக்குச் சீதனம் என்று வைத்த வீடு. கலியாணத்தன்று எனக்கு மாற்றி எழுதித் தருவதாக வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தது. நான் லூசியா கோயிலில் பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றினேன். நீங்கள் வரவில்லை, உறுதியும் வரவில்லை. ஒன்பது வருஷம் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போதும் வீட்டை விடுங்கள் என்று கேட்கவில்லை. நீங்களும் மச்சாளும் இருந்தபடி இருங்கள். அதைக் கொஞ்ச நாளைக்கு ஈடு வைத்தால் அச்சு வாங்கிவிடலாம். லொறி ஓடத் தொடங்கினால் மீட்டுத் தந்துவிடுவோம்.

அது உங்கள் இஷ்டம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். வளையத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். லொறி முற்றத்தில் நிற்கிறது. மா மூடைக்காரர் வேறு லொறி தேடுகிறார். றேமண்ட் என் சொல்லைக் கேட்கமாட்டார். "படிச்ச மனுசன் கூடாதெண்டு ஒரு வார்த்தை எழுதினா நான் வளையத்தத் தொடமாட்டேன்" என்று நிலாமுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அவர் அப்படித்தான். நீங்கள் அவரை என்ன நினைத்தாலும் உங்கள் எழுத்தின் மேல் அவருக்கு மரியாதை.

நட்டுப் பாதிதான் பிடிக்கிறது. போடலாமா, கூடாதா?

கௌரி


வெள்ளவத்தை,
20-10-1946

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது. நவராத்திரி வந்தது. பிறகு அன்னபாக்கியம் வழுக்கி விழுந்து, முழங்கால் கதை முழுக்காலாக வளர்ந்தது. பிறகு அம்மாவின் திவசம். நீயும் அங்கே ஒரு விளக்கு ஏற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதக் காகிதத்தை எடுத்து எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தியாவது உன் கையில் சேரட்டும்.

அம்மா வைத்த பவளமல்லிகை இந்த வருஷம் முற்றம் நிறையக் கொட்டுகிறது. காலையில் கூட்டவே மனம் வராது. கிணறு இறைத்துச் சுத்தமாக்கினேன். பின்பக்கச் சுவர் ஓதம் ஏறியிருக்கிறது, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வீடு என்றால் அதுவும் ஒரு பிள்ளை மாதிரித்தான்.

நட்டு விஷயம். பாதி பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய். பாதி என்பது குறைவுதான். ஆனால் ஒன்று யோசி. பள்ளிக்கூடத்தில் நீள வாங்கை மண்டபத்துக்குத் தூக்கிப் போக ஆறு பேரை விடுவேன். இரண்டு பேர் தூக்குவது போல நடிப்பார்கள். வாங்கு போய்ச் சேரும். நடிக்கிறவர்கள் நாலு பேரானால் என்ன ஆகும் என்பது வாங்கின் பாரத்தையும் வழியையும் பொறுத்தது. அதுபோல் பாரம் எவ்வளவு, பாதை எப்படி, வேகம் என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கும். தூரத்தில் இருக்கிற நான் ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் எது நல்லது என்று தெரியும்.

போடுவதானால் பாரத்தைக் குறைத்து, மெதுவாக ஓட்டி, வழியில் நிறுத்தி நிறுத்தி நட்டுகளை முடுக்க வேண்டும். போடாமல் விட்டால் அதைப் போல நிம்மதி வேறில்லை.

ஒரு நட்டின் மேல் சுண்ணாம்பால் கோடு ஒன்று கீறி, கொஞ்சத் தூரம் ஓடிய பின் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

தீபாவளி வாழ்த்துடன்,
அண்ணா


(தபால் அட்டை)

கொட்டாஞ்சேனை,
28-10-1946

அண்ணாவுக்கு,

சுகம். மச்சாள் எழும்பி நடக்கிறாவா?

உங்கள் கடிதம் வந்தபோது வளையம் போட்டு, லொறி கண்டிக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டது. புரட்டாதி முழுக்க றேமண்ட் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாஸ்டர் வேணாமெண்டு எழுதல்ல. எழுதாட்டி ஓம் எண்டுதான் அர்த்தம்" என்று நிலாமைக் கூப்பிட்டுவிட்டார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

கௌரி


வெள்ளவத்தை,
04-11-1946

அன்புத் தங்கச்சிக்கு,

அட்டை கிடைத்தது. அன்னபாக்கியம் தடி பிடித்து நடக்கிறாள். தடியால் என்னையும் அதிகாரம் பண்ணுகிறாள். நீங்களும் சுகமென்று அறிந்து நிம்மதி.

லொறி போய்வந்தது நல்ல செய்தி. எத்தனை விளக்கம் எழுதினாலும் ஓடிப் பார்த்த ஓட்டம் சொல்வது வேறுதான். மனதில் இருந்த பாரம் ஒன்று இறங்கியது. அவ்வளவு தூரம் பிடித்த நட்டு இனியும் பிடிக்கும் என்று நம்புவோம். முடுக்குவதை மட்டும் விடவேண்டாம். சுண்ணாம்புக் கோட்டையும் மறக்க வேண்டாம்.

மழை நாள். ஈரச் சாக்குகளின் மேல் தூங்க வேண்டாம் என்று உன் வீட்டுக்காரருக்குச் சொல்.

அண்ணா


கொட்டாஞ்சேனை,
10-12-1946

அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க இன்று எனக்குத் தெரியவில்லை.

போன புதன்கிழமை களனியைத் தாண்டி, ஒரு வளைவில் வலப்பக்க முன்சில்லு கழன்றது. லொறி நிறைய மா மூடை. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம். நிலாமும் பக்கத்தில் இருந்தார். அவருக்கு நெற்றியில் காயம், அவ்வளவுதான். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

சில்லு தனியாகக் கழன்று லொறிக்கு முன்னால் உருண்டு ஓடியதாம். அது தன்னுடைய சில்லு என்று றேமண்டுக்கு விளங்கவில்லை. "ஆருடா இது எங்கள முந்திப் போறான்" என்று நிலாமிடம் கேட்டாராம். கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே லொறி வலப்பக்கம் குந்தி, மதகுச் சுவரில் போய் இடித்தது. சுவரும் லொறியும் ஒன்றாகி நடுவில் அவர் கால். பக்கத்து விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கம்பி போட்டு நெம்பி எடுத்தார்களாம். மா கொட்டி எல்லோரும் வெள்ளையாக நின்றார்கள், அதில் இரத்தம் மட்டும் தெரிந்தது என்று நிலாம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

அன்று விடிய அவர் நட்டுகளை முடுக்கினார். நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். சுண்ணாம்புக் கோடும் கீறினார். கண்டி வழியில் கேகாலைக்குப் போய்த்தான் திரும்பப் பார்ப்பதாக இருந்தார்.

நேற்று நினைவு தெளிந்து கதைத்தார். உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மாஸ்டருக்குச் சொல்லு. கை நொந்தா வாளியக் கீழ வைக்கலாம். சில்லு நோகுதெண்டு எனக்குச் சொல்லல்ல."

லூசியா கோயிலில் திருநாளுக்குக் கொடி ஏறியிருக்கிறது. இங்கே தெரு முழுக்கச் சோடனை.

கௌரி


வெள்ளவத்தை,
16-12-1946

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அன்னபாக்கியம் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாட்டு வாசலில் நின்றேன். உள்ளே நீ கட்டில் விளிம்பில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாய். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். அந்த நேரத்தில் உள்ளே வந்தால் உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று திரும்பிவிட்டேன். வாங்கிவந்த ஹோர்லிக்ஸ் போத்தலைத் தாதியிடம் கொடுத்தேன். தந்தாளா?

அவர் அன்று விடிய நட்டுகளை முடுக்கினார் என்று எழுதியிருந்தாய். அவர்மேல் பிழை இல்லை என்பதை நீ அறிய வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன். நட்டுப் பாதிதான் பிடிக்கிறது என்றால் அங்கே வளையம் போடவே கூடாது. எவ்வளவு முடுக்கினாலும் கிடைக்கிற சில புரிகள்தான் முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிக்கின்றன. வளைவில் திரும்பும்போது சில்லு போல்ட்டுகளை மாறி மாறி வளைக்கும். ஒரு ஈர்க்கை முன்னும் பின்னுமாக வளைத்துப் பார், கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு சத்தமில்லாமல் முறியும். ஒரு போல்ட்டு முறிந்தால் அதன் பங்கு மற்றவற்றின் மேல் விழும். கடைசியில் எல்லாம் ஒன்றாகப் போகும். நட்டு நகராமலே போல்ட்டு முறியலாம். அப்போது சுண்ணாம்புக் கோடு நகராது. அது எதையும் காட்டியிருக்காது. ஆகையால் கோட்டைப் பார்க்காமல் விட்டோமே என்று அவர் வருந்தத் தேவையில்லை.

மனதைத் தேற்றிக்கொள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரை முதலில் சாய்கதிரையில் நேராக இருத்திப் பழக்கு. ஒரு காலுக்குப் பழக உடம்புக்கு நாள் எடுக்கும். மூன்று கால் முக்காலி ஆடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறாய்தானே.

பவளமல்லிகைக் கன்று ஒன்று சட்டியில் வைத்திருக்கிறேன். நிலாமை அனுப்பினால் கொடுத்துவிடுவேன்.

உன் அண்ணா


கொட்டாஞ்சேனை,
19-01-1947

அண்ணா,

ஹோர்லிக்ஸ் வந்தது. தந்தது ஆர் என்று தாதிக்குச் சொல்லத் தெரியவில்லை. குடையோடு ஒரு வயதுபோன ஐயா என்றா. எனக்கு விளங்கியது. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே கொஞ்சத் தூரம்தான் இருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்திருக்காது.

றேமண்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். கோயிலில் தந்த இரண்டு கம்புகளோடு முற்றம்வரை போவார். லொறியை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் உள்ளே படுத்துக்கொண்டார். நிலாம் இப்போதும் வருவார், பக்கத்தில் இருப்பார், இருவரும் கதைப்பதில்லை. முந்தி இந்த முற்றத்தில் இரண்டு பேர் கதைத்தால் அரைத் தெரு சிரிக்கும். நான் கிராண்ட்பாஸில் ஒரு தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போகிறேன். தூசு. இரவில் இருமல் வரும். சுகம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மார்கழிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "நட்டுப் பாதிதான் பிடிக்கிறது என்றால் அங்கே வளையம் போடவே கூடாது." இந்த வசனத்தை நான் ஆவணியில் கேட்டேன். புரட்டாதியில் கேட்டேன். உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இப்போது ஒரு கோபமும் இராது. உங்களுக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் வாளி எழுதினீர்கள், பொத்தான் எழுதினீர்கள், வாங்கு எழுதினீர்கள். கூடாது என்று எழுதியிருந்தால் லொறி நின்றிருக்கும். லொறி நின்றால் அடுத்த கடிதத்தில் நான் வீட்டைத்தான் கேட்டிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல்லை எழுதாமல் இருக்க எத்தனை பக்கம் எழுதினீர்கள் அண்ணா.

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் உண்மை, எல்லாம் அன்பாக எழுதியது, எல்லாம் பிரயோசனமில்லாதது.

இன்னொன்று. உங்கள் கடிதங்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர், உன் வீட்டுக்காரர் என்றுதான் இருக்கிறது. கால் போன பிறகு "அவர்" ஆனார். அவருக்கு றேமண்ட் என்று பெயர். மறக்காத பெயராக இருந்திருக்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். ஒருமுறைகூட எழுதவில்லை.

கன்று வேண்டாம். முற்றத்தில் லொறி நின்ற இடம் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது, அங்கே ஒன்றும் முளைக்காது.

இனி வளையத்தைப் பற்றிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அம்மா எனக்கென்று வைத்ததை எனக்கு எழுதித் தருவீர்களா? தந்தாலும் உங்களையும் மச்சாளையும் நான் வெளியே விடமாட்டேன். அதை நீங்கள் அறிவீர்கள். தராவிட்டால் வழக்குக்குப் போகமாட்டேன். அதையும் அறிவீர்கள். எனக்கு வேண்டியது பதில்.

நீங்கள் எழுதும் கடிதமெல்லாம் ஏதாவது செய்து பார் என்று சொல்லித்தான் முடியும். நாங்களும் வாளி தூக்கினோம், விரல் வைத்துப் பார்த்தோம், கோடு கீறினோம். இது நான் உங்களுக்குச் சொல்வது. என் விலாசம் எழுதிய தபால் அட்டை ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். சுகம் விசாரிக்க வேண்டாம், உதாரணம் வேண்டாம். அதில் ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லை மட்டும் எழுதித் தபாலில் போட்டுப் பாருங்கள்.

கௌரி